கல்யாண கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது படம் வரலையா? சத்தம் தள்ளிப் போகுதா? எங்கே சிக்கல், என்ன செய்யலாம்?

பீரோவின் மேல்தட்டு, பரண், பழைய சூட்கேஸ் என ஏதோ ஒரு மூலையில் கறுப்பு வீடியோ கேசட்டுகள் இன்னமும் பல வீடுகளில் இருக்கின்றன. 1980, 90களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் அதில்தான். இன்றைக்கு உயிரோடு இல்லாத தாத்தா நடந்து வருவதும், பாட்டி யாரையோ அதட்டுவதும் அந்த ஒரே ஒரு கேசட்டில் மட்டும் இருக்கும். இன்னொரு பிரதி கிடையாது.

அதை எப்படியாவது பென் டிரைவுக்கு மாற்றிவிடலாம் என்று ஆன்லைனில் ஒரு யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக் வாங்கி, விசிஆரையும் லேப்டாப்பையும் இணைத்து உட்காரும்போதுதான் பிரச்னை ஒவ்வொன்றாகக் கிளம்பும். கறுப்புத் திரை. படம் வந்தால் சத்தம் இல்லை. சத்தம் வந்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் ஃபைல் திறக்கவே இல்லை.

இதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. விஎச்எஸ் கேசட் 1976-ல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் கொண்டு வந்தது. உலகில் கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இப்போது கையில் கிடைக்கும் விசிஆர் எல்லாமே பழசுதான். கேசட்டும் கெடுகிறது, அதை ஓட்டும் மெஷினும் குறைகிறது. ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடிய வேலை இல்லை இது.

முதலில் கேசட், அப்புறம்தான் கம்ப்யூட்டர்

கேப்சர் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் சாஃப்ட்வேரைத்தான் திட்டுகிறோம். ஆனால் படம் முழுக்கப் பனி கொட்டுவது போலத் தெரிவது, குறுக்கே கோடு ஓடுவது இதெல்லாம் பெரும்பாலும் கேசட் அல்லது விசிஆர் சிக்கல். ஒரு சின்ன சோதனை போதும்: விசிஆரை நேராக டிவியில் இணைத்துப் பாருங்கள். டிவியிலும் அதே கோளாறு தெரிந்தால் கம்ப்யூட்டரில் எத்தனை செட்டிங் மாற்றினாலும் பயனில்லை.

கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டேப் சுற்றை வெளிச்சத்தில் பாருங்கள். டேப் விளிம்பில் வெள்ளையாக மாவு தூவியது போல இருந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம் என்பதால் இது சகஜம். அப்படிப்பட்ட கேசட்டை விசிஆரில் போடவே கூடாது. பூஞ்சை விசிஆரின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும்; அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும்; டேப் ஒட்டிக்கொண்டு கிழியவும் வாய்ப்புண்டு. வெயிலில் காய வைப்பது இன்னும் மோசம், சூடு பட்டால் டேப் சுருங்கிவிடும். பூஞ்சை பிடித்த கேசட்டை அதற்கென்று சுத்தம் செய்து தருபவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

நல்ல நிலையில் இருக்கும் கேசட்டுக்கும் ஒரு முன்வேலை உண்டு. முதுகுப் பக்கத்தில் இடது ஓரமாகச் சின்ன பிளாஸ்டிக் தாழ் ஒன்று இருக்கும். அது உடைக்கப்படாமல் இருந்தால் அந்த கேசட்டில் மேலே ரெக்கார்டு ஆகும் என்று அர்த்தம். ரிமோட்டில் தெரியாமல் ஒரு பட்டனை அழுத்தினால் தாலி கட்டும் காட்சி போய்விடும், திரும்ப வராது. அந்தத் தாழை முதலில் ஒடித்துவிடுங்கள். சிறிய மினிடிவி கேசட்டாக இருந்தால் ஒடிக்க வேண்டாம், ‘சேவ்’ என்று எழுதியிருக்கும் பக்கம் நகர்த்தினால் போதும்.

பல வருடம் ஓடாத கேசட் என்றால் ஒரு முறை கடைசி வரை ஓட விட்டு, திரும்பச் சுற்றிவிட்டு, அதற்குப் பிறகு கேப்சரைத் தொடங்கலாம். இறுகிக் கிடக்கும் டேப் சுற்று இதில் சீராகும். அதற்கும் முன்னால், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு பழைய சினிமா கேசட்டை அந்த விசிஆரில் ஓட்டிப் பாருங்கள். பரணில் இருந்து இறக்கிய விசிஆர் டேப்பை விழுங்குகிற ரகமா என்பது அதில் தெரிந்துவிடும். முதல் பலி உங்கள் அம்மாவின் கல்யாண கேசட்டாக இருக்க வேண்டாம்.

ஸ்டிக்கைச் செருகியாச்சு, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லையே?

இங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். ஆன்லைனில் ‘ஈஸிகேப்’ என்ற பெயரிலோ அதன் சாயலிலோ கிடைக்கும் ஸ்டிக்குகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு வேறு. எஸ்டிகே1160, யூடிவி007, இஎம்2860 என்று சில வகைகள். ஒன்றின் டிரைவர் இன்னொன்றுக்கு வேலை செய்யாது. அண்ணன் வீட்டில் ஓடிய அதே ஸ்டிக் உங்கள் வீட்டில் ஓடாததற்குக் காரணம், அது ‘அதே’ ஸ்டிக்காக இல்லாமல் இருப்பதுதான். பெட்டியோடு ஒரு மினி சிடி வேறு தருவார்கள். இப்போது வரும் லேப்டாப்பில் அதைப் போட இடமே இல்லை என்பது தனிக் கதை.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு சாதனம் தெரியும். அதன் பிராப்பர்ட்டீஸில் ‘டீடெய்ல்ஸ்’ பகுதிக்குப் போய் ‘ஹார்ட்வேர் ஐடீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விஐடி, பிஐடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு நான்கு இலக்கங்களாக ஒரு குறியீடு வரும். அந்தக் குறியீட்டை வைத்துத் தேடினால் சிப்பின் பெயர் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு டிரைவரைத் தேடுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை வைத்துத் தேடினால் தேவையில்லாத தளங்களில் இருந்து வைரஸ்தான் இறங்கும்.

சரியான டிரைவரைப் போட்டும் ஓடவில்லையா? விண்டோஸ் 11-ல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறது. பத்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய டிரைவர்களை அது உள்ளே விடாது. அதை அணைத்துவிடுங்கள் என்று யூடியூபில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பேங்க் வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் நடக்கும் லேப்டாப்பில் அதைச் செய்ய நாங்கள் சொல்ல மாட்டோம். அதைவிட இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, டிரைவரே தேவைப்படாத ஸ்டிக்காக வாங்குவது. பொருளின் விவரத்தில் ‘யூவிசி’ என்று போட்டிருந்தால், வெப்கேம் போலச் செருகியவுடன் வேலை செய்யும். மேக் கம்ப்யூட்டரிலும் ஓடும். இன்னொன்று, வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப். அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டால், மேலே சொன்ன மூன்று சிப்களுக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. காசு செலவில்லாமல் காரியம் முடியும்.

ஸ்டிக் தெரியுது, ஆனா திரை கறுப்பு

முதலில் வயரைப் பாருங்கள். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. விசிஆரின் பின்னால் ‘இன்’, ‘அவுட்’ என இரண்டு வரிசை இருக்கும். கேப்சருக்கு ‘அவுட்’டில் இருந்துதான் எடுக்க வேண்டும். வயரை ‘இன்’னில் குத்திவிட்டு ஸ்டிக்கைக் குறை சொல்பவர்கள் நிறைய.

அடுத்தது, கேப்சர் சாஃப்ட்வேரில் உள்ளீடு எது என்று தேர்வு செய்வது. பல ஸ்டிக்குகளில் மஞ்சள் பின்னோடு கறுப்பு நிற வட்டமான எஸ்-வீடியோ சாக்கெட்டும் இருக்கும். சாஃப்ட்வேர் எஸ்-வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மஞ்சளில் அனுப்பினால் கறுப்புத் திரைதான். ‘காம்போசிட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேறு ஒரு ஆப், உதாரணத்துக்கு ஜூம், ஸ்டிக்கை கேமரா என்று நினைத்துப் பிடித்து வைத்திருந்தாலும் படம் வராது.

கறுப்புக்குப் பதில் அடிக்கடி நீலத் திரை வந்து போனால் காரணம் வேறு. டேப்பில் சிக்னல் பலவீனமாகும் இடத்தில் பல விசிஆர்கள் தாமாகவே நீலத் திரையைக் காட்டும். விசிஆர் மெனுவில் ‘ப்ளூ பேக்’ போன்ற பெயரில் இருக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டால் புள்ளி புள்ளியாகவாவது படம் வரும்.

மஞ்சள் பின்னை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சின்னப் பெட்டியை வாங்கி, அதை எச்டிஎம்ஐ கேப்சர் கார்டில் இணைக்கிறவர்களும் உண்டு. பெட்டியை வாங்கும்போது திசையைப் பாருங்கள். ஏவி-யில் இருந்து எச்டிஎம்ஐ போவது வேறு, எச்டிஎம்ஐ-யில் இருந்து ஏவி வருவது வேறு. வெளியே பார்க்க இரட்டைப் பிறவிகள் மாதிரி இருக்கும். சரியான பெட்டியே கிடைத்தாலும், அது படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடும். நேரான ஸ்டிக்கே மேல்.

படம் கறுப்பு வெள்ளையாக வருதா? மேலும் கீழும் உருளுதா?

இது பால், என்டிஎஸ்சி விவகாரம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் பால் முறை: 625 கோடுகள், நொடிக்கு 25 பிரேம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்டிஎஸ்சி: 525 கோடுகள், நொடிக்கு சுமார் 30 பிரேம். நிறைய ஸ்டிக்குகளும் சாஃப்ட்வேர்களும் என்டிஎஸ்சியில் செட் ஆகித்தான் வருகின்றன. நம்ம ஊர் கேசட்டுக்கு ‘பால் பி’ என்று மாற்றி, அளவை 720-க்கு 576 என வைத்தால் கலர் வந்துவிடும்.

டொரன்டோவில் இருந்து மாமா அனுப்பிய பிறந்தநாள் கேசட் என்றால் கதை தலைகீழ். அது என்டிஎஸ்சி. நம் ஊர் விசிஆர் எல்லாமே அதை ஒழுங்காக ஓட்டாது. ஓட்டினாலும் சில விசிஆர்கள் பால் டிவிக்கு ஏற்றபடி அரைகுறையாக மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஸ்டிக் அதைப் பார்த்துக் குழம்பிவிடும். முடிந்தால் அந்த கேசட்டுகளை அந்த நாட்டிலேயே இருக்கும் உறவினரை வைத்து மாற்றச் சொல்லுங்கள்.

சத்தமே வரலை

விண்டோஸ் இந்த ஸ்டிக்கில் இருந்து வரும் சத்தத்தை மைக் என்றே நினைத்துக்கொள்கிறது. எனவே செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய், மைக்ரோஃபோன் என்பதைத் திறந்து, டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா அனுமதியும் அங்கேயேதான். இது அணைந்திருந்தால் எந்த எரர் மெசேஜும் வராது, அமைதியாகச் சத்தம் இல்லாமல் ரெக்கார்டு ஆகும். மூன்று மணி நேரம் ஓட விட்ட பிறகு தெரிய வந்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் எந்த கேசட்டாக இருந்தாலும் முதலில் இரண்டு நிமிடம் மட்டும் ரெக்கார்டு செய்து, ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு கூத்து: சத்தம் வரும், ஆனால் அது லேப்டாப் மைக்கில் பதிவான வீட்டுச் சத்தமாக இருக்கும். நாதஸ்வரத்துக்குப் பதில் குக்கர் விசில். சாஃப்ட்வேரில் ஆடியோ உள்ளீடாக ஸ்டிக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

பழைய மோனோ விசிஆரில் வெள்ளைப் பின் மட்டும்தான் இருக்கும். ஒரு காதில் மட்டும் கேட்கிறது என்று பயப்பட வேண்டாம், பிற்பாடு எடிட்டிங்கில் இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஹைஃபை விசிஆரில் ‘கர்ர்’ என்று விட்டு விட்டு இரைச்சல் வந்தால், ஆடியோவை ஹைஃபையில் இருந்து ‘நார்மல்’ அல்லது ‘மோனோ’வுக்கு மாற்றுங்கள். ஒலியின் தரம் குறையும், ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

சத்தம் தள்ளிப் போகுது: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

கேப்சர் தொடர்பான புகார்களில் அதிகம் படுத்துவது இதுதான். தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தவில் குச்சி தோலில் படும், சத்தம் அப்புறமாக வரும்.

முதலில் இரண்டு வகையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பம், நடு, கடைசி என மூன்று இடங்களில் பாருங்கள். தவில் அடி, கைத்தட்டல், தேங்காய் உடைப்பது போன்ற டக்கென்ற சத்தம் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவுக்குத் தள்ளியிருந்தால் பெரிய விஷயம் இல்லை. எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரிலும் ஆடியோவை அரை நொடி முன்னே பின்னே நகர்த்தினால் முடிந்தது.

போகப் போக இடைவெளி அதிகமாகிறது என்றால், பிரேம்கள் தொலைகின்றன என்று அர்த்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று மணி நேர கேசட்டில் நொடிக்கு 25 வீதம் 2,70,000 பிரேம்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தொலைந்தால்கூட 270 பிரேம் போய்விடும். அதாவது கிட்டத்தட்ட 11 நொடி. படத்தில் 11 நொடி குறைந்துவிட்டது, சத்தத்தில் எதுவும் குறையவில்லை. பிறகு எப்படி ஒட்டும்?

ஏன் தொலைகின்றன என்பதற்கு இரண்டு பக்கமும் காரணம் உண்டு. டேப் பக்கம் பார்த்தால், விஎச்எஸ் டேப் ஒரே சீராக ஓடுவதில்லை. வயதான டேப் இழுபடும், ஆடும். டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்டிக் பொறுத்துக்கொள்ளாது, சிக்னல் தடுமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரேமைக் கீழே போட்டுவிடும். கல்யாண கேசட்டில் கேமராமேன் நிறுத்தி நிறுத்தி எடுத்த இடங்கள், நடுவில் காலியாக விட்ட இடங்கள் எல்லாம் ஆபத்தான பகுதிகள். படத்தின் மேல்பகுதி ஒரு பக்கமாக வளைந்து நடுங்கினால் இதுதான் நோய்.

இதற்கான மருந்து ‘டைம் பேஸ் கரெக்டர்’, சுருக்கமாக டிபிசி. விசிஆருக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே உட்கார்ந்து, தடுமாறி வரும் சிக்னலை ஒழுங்குபடுத்தி அனுப்பும் கருவி. தனியாக வாங்குவது செலவு. வீட்டு வேலைக்குக் கட்டுப்படியாகாது. சில உயர் ரக எஸ்-விஎச்எஸ் விசிஆர்களில் உள்ளேயே இருக்கும். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: 2000களில் வந்த டிவிடி ரெக்கார்டர். பிளேயர் இல்லை, ரெக்கார்டர். விசிஆரில் இருந்து அதற்குள் கொடுத்து, அதன் அவுட்டில் இருந்து ஸ்டிக்குக்கு எடுத்தால், சில மாடல்களில் சிக்னல் ஆச்சரியப்படும் அளவுக்கு நிலையாக வரும். பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைத்தால் விடாதீர்கள்.

கம்ப்யூட்டர் பக்கக் காரணம் வேகம். 720-க்கு 576 அளவில், பிக்சலுக்கு 2 பைட், நொடிக்கு 25 பிரேம் என்றால் நொடிக்கு சுமார் 20 எம்பி வருகிறது. மணிக்கு 75 ஜிபி. ஸ்டிக் யூஎஸ்பி 2.0 வகை, அதில் போகக் கூடிய அளவில் பெரும்பகுதியை இதுவே எடுத்துக்கொள்ளும். அதே யூஎஸ்பி ஹப்பில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் மாட்டி அதிலேயே சேமித்தால் நெரிசல்தான், கோயம்பேடு மாதிரி. ஸ்டிக்கை நேராக லேப்டாப் போர்ட்டில் செருகுங்கள். சேமிப்பது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், முடிந்த பிறகு வெளியே நகர்த்திக்கொள்ளலாம். கேப்சர் ஓடும்போது பிரவுசர், ஆன்டிவைரஸ் ஸ்கேன், விண்டோஸ் அப்டேட் எல்லாம் ஓய்வெடுக்கட்டும்.

சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை, பெரும்பாலான வீடுகளுக்கு இலவசமான ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். ஆனால் அது லைவ் ஸ்ட்ரீமிங்குக்காக வந்தது என்பதால் நொடிக்கு 30 பிரேம், அகலத் திரை என்று செட் ஆகியிருக்கும். வீடியோ செட்டிங்ஸில் ‘25 பால்’ என்று மாற்றாவிட்டால் நடக்கிறவர்கள் தத்தித் தத்தி நடப்பார்கள். தொலைந்த பிரேம்களை எண்ணிக் காட்ட வேண்டும், அந்த இடத்தில் முந்தைய பிரேமையே நிரப்ப வேண்டும் என்றால் விர்ச்சுவல்டப் என்ற பழைய இலவச சாஃப்ட்வேர் நல்லது. முகப்பு 2000-ஆம் வருடத்தில் இருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும். வேலை சுத்தம்.

ஏற்கெனவே எடுத்து முடித்து கேசட்டும் கையில் இல்லை என்றால்? இடைவெளி சீராக வளர்கிறது என்றால் ஆடியோவின் மொத்த நீளத்தை வீடியோவின் நீளத்துக்குச் சுருக்கலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் ‘சேஞ்ச் டெம்போ’ அதைத்தான் செய்கிறது. திடீர் திடீரென்று குதிக்கிறது என்றால் குதிக்கும் இடங்களில் வெட்டி வெட்டித்தான் சேர்க்க வேண்டும். கேசட் கையில் இருந்தால் அந்தப் பாடே வேண்டாம், மறுபடி எடுத்துவிடுங்கள். அரை மணி நேரத் துண்டுகளாக எடுத்தால் தள்ளிப் போனாலும் சமாளிக்கும் அளவில் நிற்கும்.

பாதியில் நின்றுவிட்டது, ஃபைல் திறக்கலை

சரியாக 4 ஜிபி ஆனதும் நின்றால், நீங்கள் சேமிக்கும் டிரைவ் ஃபேட்32 வகை. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவ்களில் இது அதிகம். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மேட் செய்யுங்கள்.

நடுவில் கரன்ட் போய் எம்பி4 ஃபைல் திறக்க மறுத்தால், பெரும்பாலும் அது போனதுதான். எம்பி4-ல் பட்டியல் போன்ற ஒரு பகுதி கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாவிட்டால் பிளேயருக்கு ஒன்றும் புரியாது. ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங் வகையை எம்கேவி என்று வைத்தால், நின்ற இடம் வரைக்குமாவது மிஞ்சும். முடிந்த பிறகு ‘ரீமக்ஸ்’ கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. லேப்டாப் தூங்கிப்போகாமல் ஸ்லீப் வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

சீப்புப் பல் கோடுகளும் குண்டு மாப்பிள்ளையும்

கை அசையும் இடங்களில் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிவது கோளாறே அல்ல. அந்தக் கால வீடியோ ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகளை ஒரு முறை என மாற்றி மாற்றிக் காட்டும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது சீப்பு தெரிகிறது. ஓபிஎஸ்ஸில் வீடியோ சோர்ஸின் மேல் ரைட் கிளிக் செய்து ‘டீஇன்டர்லேசிங்’கில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்து, பிரேம் வேகத்தை 50 ஆக்கினால் அசைவு வழவழவென்று வரும்.

மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தால் 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும், விடுங்கள். மேலும் கீழும் வெட்டி அகலமாக்கினால் பின்வரிசையில் நிற்கும் பெரியப்பாவின் தலை போய்விடும். தாமரைப் பூவுக்குள் மணப்பெண் சுழலும் மிக்ஸிங்கை மட்டும் யாராலும் எடுக்க முடியாது. அது கேசட்டிலேயே பதிந்தது. அதுவும் ஒரு காலத்தின் ஆவணம்தான்.

உள்ளங்கை அளவு மினிடிவி கேசட் என்றால்

90களின் கடைசியில் இருந்து வந்த மினிடிவி ஏற்கெனவே டிஜிட்டல். இதற்கு ஸ்டிக் வேண்டாம். ஃபயர்வயர் என்ற இணைப்பு வழியாக டேப்பில் உள்ள தகவலை அப்படியே நகல் எடுக்கலாம். சோனி கேமராவில் அதன் பெயர் ஐ-லிங்க். மணிக்கு 13 ஜிபி ஆகும். கேமராவில் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், பல மாடல்களில் அது போட்டோ எடுக்க மட்டும்தான்.

ஃபயர்வயரை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் என்று மலிவாக ஒன்று விற்கிறார்கள். உள்ளே வெறும் வயர்தான். இரண்டும் முற்றிலும் வேறு மொழி பேசும் இணைப்புகள், அந்தக் கேபிளால் வீடியோ வராது. உண்மையில் ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரோ, டெஸ்க்டாப்பில் பொருத்தும் கார்டோ வேண்டும். விண்டோஸ் 10-ல் கேமரா தெரியாவிட்டால் மைக்ரோசாஃப்ட் தனியாகத் தந்த ‘1394 லெகசி’ டிரைவரைப் போட்டுப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே நீக்கப்பட்டுவிட்டது. பழைய மேக்கை அப்டேட் செய்வதற்கு முன்பே கேசட் வேலையை முடித்துவிடுங்கள்.

படம் கட்டம் கட்டமாகச் சிதறினால் கேமராவின் ஹெட் அழுக்கு. கிளீனிங் கேசட்டைச் சில நொடிகள் மட்டும் ஓட்டினால் சரியாகும். திரும்பத் திரும்ப ஓட்டினால் ஹெட் தேயும்.

கடையில் கொடுத்துவிடலாமா?

தாராளமாக. விசிஆரே இல்லாத வீட்டில் ஒன்றிரண்டு கேசட்டுக்காக இவ்வளவும் வாங்குவது வீண்தான். ஆனால் கொடுக்கும் முன் சில கேள்விகள் கேளுங்கள். 720-க்கு 576 அளவில், 4:3-யிலேயே தருவார்களா? விசிடி தரத்துக்கு இறக்கினால் 352-க்கு 288 தான் வரும், பெரிய டிவியில் முகமே தெரியாது. டிவிடி மட்டும் கொடுத்தால் ஃபைலாகவும் கேளுங்கள். பாட்டு சேர்க்க வேண்டாம், ‘எச்டி’ ஆக்க வேண்டாம், எடுத்தது எடுத்தபடி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே ஓட விட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் உதடும் பேச்சும் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

ஃபைல் கையில் வந்ததும் வேறு வேறு இரண்டு டிரைவில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோவாகப் போட்டால் தரம் அடிபடும். 2 ஜிபிக்குள் இருந்தால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முழுதாகச் சுற்றி, உறையில் போட்டு, படுக்க வைக்காமல் புத்தகம் போல நிற்க வைத்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல் ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஃபைலில் ஏதாவது ஒரு இடம் சிதைந்திருப்பது இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தால், திரும்ப எடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.